தண்டனை முடிந்து வெளியே வருபவரை கோர்ட் கண்காணிக்க முடியுமா? பர்லியார் டு உச்ச நீதிமன்றம்... சட்டம் சொல்வது என்ன?

ஒரு கற்பனைக் காட்சியில் இருந்து ஆரம்பிப்போம். கோவை மத்திய சிறையின் கேட் திறக்கிறது. பத்து வருட தண்டனையை முழுசாக அனுபவித்த ஒருவர், கையில் ஒரு துணிப்பையோடு வெளியே வருகிறார். மேட்டுப்பாளையம் போய் குன்னூர் பஸ் ஏறுகிறார். கல்லாறு தாண்டி, மலை ஏற ஆரம்பித்து, பர்லியாரில் பஸ் நிற்கிறது. சாலையோரம் பலாப்பழம், மங்குஸ்தான் விற்கும் கடைகள், கூடவே குரங்குகள். அங்கேதான் அவர் வீடு. இறங்கி நடக்கிறார்.

பர்லியார் சோதனைச்சாவடியில் சுற்றுலா வண்டிகளை நிறுத்தி இ-பாஸ் இருக்கிறதா என்று கேட்பார்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பஸ்ஸில் வந்து இறங்கும் இவரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்கச் சொல்லி சட்டமும் இல்லை.

ஆனால் அவர் தாக்கிய பெண்ணின் குடும்பம் அதே ஊரில், நான்கு வீடு தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் இன்று இரவு யாராவது தூங்குவார்களா? 'மறுபடியும் செய்வாரோ' என்ற பயம் நியாயமானதுதானே? அதே சமயம், தண்டனையை முழுசாக அனுபவித்தவரை வாழ்நாள் முழுக்க போலீஸ் பின்தொடரலாமா?

இந்தக் கேள்விக்கு ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து போன்ற நாடுகள் தனிச் சட்டமே போட்டிருக்கின்றன. அதிக ஆபத்துள்ள குற்றவாளி என்று நீதிமன்றம் முடிவு செய்தால், தண்டனை முடிந்த பிறகும் பல வருடங்கள் கண்காணிப்பில் வைக்கலாம். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அப்போ நம்ம ஊரில் என்னதான் இருக்கிறது?

பலருக்கும் தெரியாத பிரிவு 394

நேரடியாக நீதிமன்றமே போடக்கூடிய ஒரு உத்தரவு நம் சட்டத்தில் இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 394-வது பிரிவு. பழைய சட்டத்தில் இது 356. அதற்கும் முன்னால், வெள்ளைக்காரன் காலத்து 1898 சட்டத்தில் 565. எண் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, விஷயம் ஒன்றுதான்.

மூன்று வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் ஏற்கெனவே ஒருமுறை தண்டனை பெற்றவர், மீண்டும் அதேபோன்ற குற்றத்தில் தண்டிக்கப்படுகிறார் என்றால், தீர்ப்பு சொல்லும்போதே நீதிபதி கூடுதலாக ஒரு உத்தரவு போடலாம். 'நீ விடுதலையான பிறகு எங்கே குடியிருக்கிறாய் என்று தெரிவிக்க வேண்டும். வீடு மாறினாலோ, வீட்டை விட்டு வெளியூர் போனாலோ அதையும் தெரிவிக்க வேண்டும்' என்பதுதான் அது. தண்டனை முடிந்த நாளில் இருந்து அதிகபட்சம் 5 வருடம். எப்படி, யாரிடம் தெரிவிப்பது என்பதற்கு மாநில அரசு விதி வகுக்கலாம். மீறினால் என்ன தண்டனை என்பதும் அந்த விதியிலேயே இருக்கும். மேல்முறையீட்டில் அவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்துவிட்டால் இந்த உத்தரவும் செல்லாது.

நீதிபதியின் கையெழுத்தோடு, கால வரம்போடு, விடுதலைக்குப் பின்னும் தொடரும் கண்காணிப்பு என்று பார்த்தால் பொதுவான குற்றவியல் சட்டத்தில் இதுதான் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு பெரிய ஓட்டைகள்.

ஒன்று, முதல்முறை தண்டனை பெற்றவருக்கு இது பொருந்தாது. எவ்வளவு கொடூரமான குற்றமாக இருந்தாலும் சரி, முன்பு தண்டனை பெற்றிருக்க வேண்டும். இரண்டு, 'தண்டனை முடிந்த நாளில் இருந்து' என்கிறது சட்டம். ஆயுள் தண்டனை என்பது சாகும்வரை. அது 'முடிவதே' இல்லை. எனவே முன்கூட்டியே விடுதலையாகும் ஆயுள் கைதிகளை இந்தப் பிரிவு தொடாது. அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முகவரியைத் தெரிவிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். இவர் ஆபத்தானவரா என்று மனநல மருத்துவரிடம் மதிப்பீடு, கட்டாய கவுன்சலிங், குடிக்கக் கூடாது, இன்னாரை நெருங்கக் கூடாது... இதெல்லாம் இந்தப் பிரிவில் எதுவும் இல்லை.

வீடே இல்லாதவர் எந்த முகவரியைச் சொல்வார்?

நீலகிரிக்குப் பொருத்திப் பார்த்தால் இந்தச் சட்டத்தின் இன்னொரு சிக்கல் புரியும். தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு லைன் வீடு எஸ்டேட் கொடுத்தது. அந்த வீடு வேலையோடு ஒட்டியது. ஜெயிலுக்குப் போனால் வேலை போகும். வேலை போனால் லைன் வீட்டிலும் உரிமை ஆடிப்போகும். குடும்பத்தில் வேறு யாராவது அதே எஸ்டேட்டில் பெயர்ப்பதிவில் இருந்தால் தப்பித்தது. இல்லையென்றால் மேட்டுப்பாளையத்திலோ திருப்பூரிலோ வாடகை வீடு தேட வேண்டியதுதான். ஜெயிலில் இருந்து வந்தவருக்கு யார் வாடகைக்குக் கொடுப்பார்கள் என்பது வேறு கதை.

நிலையான முகவரியும், நிலையான வேலையும் உள்ளவரைக் கண்காணிப்பது சுலபம். அவருக்குக் கண்காணிப்பு பெரும்பாலும் தேவைப்படாது. கண்காணிப்பு தேவைப்படும் ஆளுக்கு முகவரியே இருக்காது. எந்த நாட்டு அதிகாரியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

நீலகிரி மக்கள் கோர்ட் போடும் நிபந்தனையைப் பக்கத்தில் இருந்து பார்த்தது கோடநாடு வழக்கில். 2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட்டில் காவலாளி கொல்லப்பட்ட அந்த வழக்கில், ஜாமீனில் வந்தவர்கள் ஊட்டியில் தங்குவது, கையெழுத்துப் போடுவது என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது ஜாமீன் நிபந்தனை. விசாரணை முடியும்வரை மட்டும். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்களுக்குப் போடுவது. விசித்திரம் பாருங்கள்: குற்றம் நிரூபிக்கப்படாதவர் வாரா வாரம் கையெழுத்துப் போடுகிறார். நிரூபிக்கப்பட்டு, தண்டனை முடித்து வெளியே வருபவர் எங்கேயும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

கோர்ட் பார்க்காவிட்டால் என்ன, ஸ்டேஷன் பார்க்குமே!

சட்டத்தில் இருக்கும் அந்த வெற்றிடத்தை நிரப்புவது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும் ஒரு ஃபைல். ஹிஸ்டரி ஷீட். அதிலேயே ரவுடிகளுக்குத் தனியாக ரவுடி ஷீட். தமிழ்நாடு காவல் நிலை ஆணைகளின்படி திறக்கப்படுவது இது. ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். சென்னை போலீஸ் ரவுடிகளைப் பின்தொடர 'பருந்து' என்று ஒரு செயலியே வைத்திருக்கிறது.

ஷீட் இருந்தால் என்ன ஆகும்? பண்டிகை, தேர்தல், தலைவர்கள் வருகை என்று எது வந்தாலும் ஸ்டேஷனில் இருந்து போன் வரும். பீட் போலீஸ் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பக்கத்து ஊரில் செயின் பறிப்பு நடந்தால் முதலில் இவரைத்தான் விசாரிப்பார்கள். இதற்கு நீதிபதி உத்தரவு தேவையில்லை. சம்பந்தப்பட்டவருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 1980-ல் மாலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பு ஒரு எல்லையும் போட்டது. கண்காணிப்பு குற்றத்தைத் தடுக்கத்தான், மனிதனின் அந்தரங்கத்தை நசுக்க அல்ல.

தமிழ்நாட்டு விதிப்படி இந்த ஷீட் காலம் முழுக்கத் திறந்தே கிடக்கக் கூடாது. டிசம்பர் மாதம் முடிந்ததும் மேலதிகாரி பார்த்து, தொடரலாமா மூடலாமா என்று உத்தரவு போட வேண்டும். நடைமுறையில்? வருடக்கணக்காக ஒரு புதிய வழக்குகூட இல்லாதவர்கள் 'என் பெயரில் இன்னும் ரவுடி ஷீட் இருக்கிறது' என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் மதுரைக் கிளைக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

நள்ளிரவில் கதவைத் தட்டிய போலீஸ்

இந்த இடத்தில் கரக் சிங் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். உத்தரப் பிரதேசத்துக்காரர். 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்தார்கள். ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். தண்டனையே கிடையாது! ஆனாலும் போலீஸ் அவர் பெயரில் ஹிஸ்டரி ஷீட் திறந்தது. அதன் பிறகு நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டுவார்கள், கூப்பிடுவார்கள், எழுப்புவார்கள். வெளியூர் போவதென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். போகிற ஊர் ஸ்டேஷனுக்கும் தகவல் பறக்கும்.

அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1962 டிசம்பரில் தீர்ப்பு. இரவில் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் வீட்டைச் சுற்றி ரகசியமாகக் கண்காணிப்பதையும், நடமாட்டத்தைக் குறித்து வைப்பதையும் பெரும்பான்மை நீதிபதிகள் அனுமதித்தார்கள். அந்தரங்கம் என்பது நம் அரசியலமைப்பில் உத்தரவாதம் அளிக்கப்பட்ட உரிமை இல்லை என்றார்கள். நீதிபதி சுப்பா ராவ் மட்டும், நீதிபதி ஷாவோடு சேர்ந்து, மாறுபட்டார். கண்காணிப்பு முழுவதுமே தவறு என்றார் அவர். பின்தொடரப்படுகிறோம் என்ற நினைப்போடு நடக்கும் மனிதன் சுதந்திரமாக நடக்கவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

55 வருடம் கழித்து, 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஆதார் விவகாரத்தில் கிளம்பிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று சொன்னார்கள். கரக் சிங் தீர்ப்பின் அந்தப் பகுதி காலியானது. எனவே இன்று உங்கள் ஊர் ஸ்டேஷனில் திறக்கப்படும் ஒவ்வொரு ஷீட்டும் சட்டம், தேவை, அளவு என்ற மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

2024 மே மாதம் டெல்லி எம்எல்ஏ ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. ஹிஸ்டரி ஷீட்டில் அப்பாவிக் குடும்பத்தினர், குறிப்பாக மைனர் குழந்தைகளின் விவரங்களைச் சேர்க்கக் கூடாது, சாதியையும் ஏழ்மையையும் வைத்து ஷீட் திறக்கக் கூடாது என்று எச்சரித்தது. மகன் செய்த தப்புக்கு ஸ்கூல் போகும் பிள்ளை பெயரும் போலீஸ் நோட்டில் ஏறுகிறது என்றால் அது என்ன நியாயம்?

ஆர்டிஓ முன்னால் எழுதும் பாண்டு

அடுத்தது, 'ஒன் டென் போட்டுட்டாங்க' என்று பேச்சுவழக்கில் சொல்வார்களே, அது. பழைய சட்டத்தில் பிரிவு 110, புதியதில் 129. வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்று தெரிந்தால், நிர்வாக நடுவர் அவரைக் கூப்பிட்டு, 'ஒழுங்காக நடந்துகொள்வேன்' என்று ஜாமீன்தாரர்களோடு பிணைப் பத்திரம் எழுதி வாங்கலாம். அதிகபட்சம் 3 வருடம். அமைதிக்கு பங்கம் வரும் என்றால் பழைய 107, புதிய 126. அது ஒரு வருடம். மாவட்டங்களில் நிர்வாக நடுவர் என்றால் பெரும்பாலும் கோட்டாட்சியர், அதாவது ஆர்டிஓ. பர்லியாருக்கு குன்னூர் கோட்டாட்சியர்.

தமிழ்நாட்டில் இது ஒரு காலத்தில் வேறு மாதிரி போனது. 2013, 2014-ல் போட்ட அரசாணைகள் மூலம் மாநகரங்களில் போலீஸ் துணை ஆணையர்களுக்கே நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுக்கப்பட்டது. யோசித்துப் பாருங்கள். புகார் சொல்வதும் போலீஸ், பாண்டு வாங்குவதும் போலீஸ், மீறினான் என்று ஜெயிலுக்கு அனுப்புவதும் போலீஸ்! நூற்றுக்கணக்கானவர்கள் இப்படி உள்ளே போனார்கள்.

2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு அந்த அரசாணைகளை அரசியலமைப்புக்கு விரோதம் என்று ரத்து செய்தது. நன்னடத்தைப் பிணையை மீறினார் என்பதற்காக நிர்வாக நடுவரே நேரடியாக ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது, நீதித்துறை நடுவர் முன் கொண்டுபோய் விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது.

இதைத் தாண்டினால் குண்டர் சட்டம், தமிழ்நாடு சட்டம் 14/1982. மாவட்டத்தில் கலெக்டர் உத்தரவு போட்டால் 12 மாதம் வரை உள்ளே. கண்காணிப்பு இல்லை, நேராகத் தடுப்புக்காவல். அதனால் இதை நாம் தேடும் கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது. பூட்டி வைத்துவிட்டால் கண்காணிக்க என்ன இருக்கிறது?

கூடலூர் தாண்டி கேரளா போனால் 'காப்பா' சட்டம், 2007. அதன் 15-வது பிரிவில் ஒருவரைக் குறிப்பிட்ட பகுதிக்குள் நுழையக்கூடாது என்று ஒரு வருடம் வரை வெளியேற்றலாம். சென்னையில் 1888-ம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தில் இதேபோல ஒரு பிரிவு, 51-ஏ. ஒரு ஊரில் இருந்து துரத்தினால் அந்த ஊருக்கு நிம்மதி. அவர் போய்ச் சேரும் ஊருக்கு?

ஆயுள் கைதிகள் விஷயம் வேறு

முன்பு பிறகு பார்க்கலாம் என்றோமே, அது இதுதான். ஆயுள் கைதி ஒருவரை மாநில அரசு முன்கூட்டியே விடுவிக்கும்போது நிபந்தனை போடலாம். புதிய சட்டத்தில் பிரிவு 473. நிபந்தனையை மீறினால் விடுதலையை ரத்து செய்து, வாரண்ட் இல்லாமலே பிடித்து, மிச்ச தண்டனையை அனுபவிக்க வைக்கலாம். அண்ணா பிறந்தநாளை ஒட்டி தமிழ்நாடு அரசு கைதிகளை விடுவிப்பது நமக்குப் பழகிய செய்தி. 2021 செப்டம்பரில் 700 ஆயுள் கைதிகளை முன்விடுதலை செய்யப்போவதாக முதல்வர் ஸ்டாலின் பேரவையில் அறிவித்தார்.

பார்த்தால், இந்தியாவில் தண்டனைக்குப் பின் கண்காணிப்புக்கு உண்மையில் பல் இருப்பது இங்கேதான். தலைக்கு மேல் மிச்ச தண்டனை தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் நிபந்தனை என்ற பெயரில் எதையும் எழுதிவிட முடியாது. குஜராத் ஆயுள் கைதி ஒருவருக்கு, 'விடுதலைக்குப் பின் இரண்டு வருடம் கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும்' என்று நிபந்தனை. கண்ணியம் என்றால் என்ன, யார் அளப்பது? 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவற்றது, தன்னிச்சையானது என்று தள்ளியது. ஏதோ ஒரு வழக்கு பதிவானது என்பதற்காகவே விடுதலையை ரத்து செய்யக் கூடாது, நோட்டீஸ் கொடுத்து பதில் கேட்க வேண்டும் என்றும் சொன்னது.

நீதிமன்றங்கள் கண்டுபிடித்த மாற்று வழி ஒன்று இருக்கிறது. மரண தண்டனை அதிகம், சாதாரண ஆயுள் தண்டனை குறைவு என்று தோன்றும் வழக்குகளில், '25 வருடம், 30 வருடம், முன்விடுதலை கிடையாது' என்று விதிப்பது. 2008-ல் சிரத்தானந்தா வழக்கில் தொடங்கி, 2015-ல் ராஜீவ் காந்தி கொலைக் கைதிகள் தொடர்பான ஸ்ரீஹரன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் இப்படி விதிக்கலாம். வெளிநாடுகள் 'வெளியே விட்டு கண்காணி' என்கின்றன. நாம் 'வெளியே விடாதே' என்கிறோம். பட்ஜெட்டில் கண்காணிப்பு அதிகாரிகளுக்குப் பணம் ஒதுக்குவதைவிட இது சுலபம்தான்!

இதன் மறுபக்கத்தை 2015 டிசம்பரில் பார்த்தோம். டெல்லி நிர்பயா வழக்கில் சிறார் குற்றவாளிக்குச் சட்டப்படி அதிகபட்சம் 3 வருடம். முடிந்தது. விடக்கூடாது என்று நாடே கொந்தளித்தது. டெல்லி உயர் நீதிமன்றம் தடுக்க மறுத்தது, உச்ச நீதிமன்றமும் மறுத்தது. காரணம் எளிமையானது. அதற்கு மேல் அவரை வைத்திருக்க எந்தச் சட்டமும் இல்லை. டிசம்பர் 20 அன்று வெளியே வந்தார். இரண்டு நாள் கழித்து, 16 வயதைத் தாண்டியவர்களைக் கொடூரக் குற்றங்களில் பெரியவர்களைப்போல விசாரிக்க வழி செய்யும் மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. விடுதலைக்குப் பின் என்ன என்ற கேள்வி அப்படியே நின்றது.

ராதாரிச் சீட்டு ஞாபகம் இருக்கிறதா?

'ஆபத்தானவர்களைப் பதிவு செய்து கண்காணிக்கலாமே' என்று இன்று யாராவது சொன்னால், மதுரை, தேனிப் பக்கம் உள்ள பெரியவர்களுக்கு வேறு ஒன்று நினைவுக்கு வரும். குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல் வடக்கே தொடங்கி, 1911-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. கைரேகை பதிவு. ராத்திரியில் ஸ்டேஷனில் படுக்கை. வெளியூர் போக ராதாரிச் சீட்டு. தனிமனிதன் செய்த குற்றத்துக்காக இல்லை, பிறந்த சாதிக்காக. எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு, 16 பேர் பலி.

1947-ல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை ஒழித்தது. 1952-ல் நாடு முழுக்க. ஆனால் அடுத்த வருடமே, 1948-ல், சென்னை மாகாணம் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. சாதியின் இடத்தில் 'வழக்கம்' என்ற சொல் வந்தது. பல மாநிலங்களும் இப்படிச் செய்தன. இந்தப் பழைய முத்திரை இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதை 2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாடு தொடர்பான சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாக விமர்சித்தது. அதனால்தான் கண்காணிப்புச் சட்டம் என்றாலே, யாரை, எந்த ஆதாரத்தில், யார் முடிவு செய்வது என்ற கேள்வியை நம் ஊரில் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டில் சட்டம் இருந்தும் நடந்தது என்ன?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2003-ல் சட்டம் போட்டது. பாலியல் குற்றவாளி விடுதலையாகும் முன்பே, மனநல மருத்துவர்களின் அறிக்கையோடு அரசு நீதிமன்றம் போகும். நீதிபதி ஏற்றால் கண்காணிப்பு, அல்லது தொடர்ந்து சிறை. கனடாவில் 10 வருடம் வரை நீண்டகாலக் கண்காணிப்பு உத்தரவு. சிங்கப்பூர் 2024-ல் இயற்றிய சட்டத்தில், கடும் குற்றவாளிகள் குறைந்தபட்ச காலம் முடிந்தாலும் தானாக வெளியே வர முடியாது. விடலாமா என்று முடிவு செய்வது நீதிபதி அல்ல, மறுஆய்வு வாரியத்தின் ஆலோசனையோடு உள்துறை அமைச்சர்.

நியூசிலாந்து கதை நம் பக்கத்தில் இருந்து தொடங்குகிறது. இலங்கையின் காத்தான்குடியில் இருந்து 2011-ல் மாணவர் விசாவில் போன ஒரு இளைஞர், பிறகு அகதி அந்தஸ்து பெற்றார். தீவிரவாத வீடியோக்கள், கத்தி வாங்கியது என்று 2017-ல் கைது. தாக்குதலுக்குத் திட்டமிடுவது மட்டுமே அந்நாட்டுச் சட்டத்தில் குற்றம் இல்லை என்று 2020-ல் நீதிமன்றம் சொன்னது. எஞ்சிய சிறிய குற்றங்களுக்கு, ஏற்கெனவே மூன்று வருடம் ரிமாண்டில் இருந்துவிட்டதால், 2021 ஜூலையில் ஒரு வருட கண்காணிப்பு உத்தரவோடு வெளியே விட்டார்கள். ஒரு மசூதியில் தங்க வேண்டும், அனுமதியின்றி இணையக் கருவி வைத்திருக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள். அதற்கு மேல், 24 மணி நேரமும் மஃப்டி போலீஸ் பின்னாலேயே.

செப்டம்பர் 3. ரயிலேறி ஆக்லாந்தின் லின்மால் வணிக வளாகத்துக்குப் போனார். சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்குவதுபோல தள்ளுவண்டியோடு நடந்தார். அலமாரியில் விற்பனைக்கு வைத்திருந்த கத்தியை எடுத்துக் கண்ணில் பட்டவர்களைக் குத்தினார். வெளியே நின்ற போலீஸ் உள்ளே ஓடி வந்து சில நிமிடங்களுக்குள் சுட்டுக் கொன்றது. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் குத்துக்களைத் தடுக்க முடியவில்லை. திட்டமிடுவதையே குற்றமாக்கும் சட்டத் திருத்தம் அதே மாத இறுதியில் அங்கே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

காலில் ஜிபிஎஸ் கட்டிவிட்டால்?

இப்போது எல்லோரும் சொல்லும் தீர்வு இது. 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீஸ், ஜாமீனில் வந்த பயங்கரவாத வழக்கு நபர் ஒருவரின் காலில் ஜிபிஎஸ் கருவி கட்டியது. நாட்டில் இதுவே முதல்முறை என்றார்கள். அதே வருடம் மத்திய உள்துறை தயாரித்த மாதிரி சிறைச் சட்டத்தில், கருவி அணியச் சம்மதிக்கும் கைதிக்கு சிறை விடுப்பு தரலாம் என்று இருக்கிறது. சம்மதம், விடுப்பு. தண்டனை முடிந்தவருக்கு இல்லை.

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் குறுக்கே ஒரு கோடு போட்டது. நைஜீரியர் ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தபோது, கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைப் போலீசுக்குத் தெரியும்படி பின் போட வேண்டும் என்று நிபந்தனை. ஜாமீனில் வந்தவரின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் தொடர்ந்து பார்க்கும்படியான நிபந்தனை அந்தரங்க உரிமையை மீறுகிறது என்று அது நீக்கப்பட்டது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் அதே வருடம் நவம்பரில், காலவரையற்ற தடுப்பில் இருந்து விடப்பட்ட வெளிநாட்டவர்களுக்கு அரசு கட்டிய காலணி வளையத்தையும் இரவு ஊரடங்கையும், அது கண்காணிப்பு அல்ல, தண்டனையே என்று ரத்து செய்தது. தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை, அமைச்சரின் வேலை அல்ல என்பது காரணம்.

பாலியல் குற்றவாளிகளுக்கு இந்தியாவில் 2018 செப்டம்பர் முதல் தேசியத் தரவுத்தளம் இருக்கிறது. ஆனால் அதை போலீஸ் போன்ற சட்ட அமலாக்க அமைப்புகள் மட்டுமே பார்க்க முடியும். அமெரிக்காவில் இருப்பதுபோல, உங்கள் தெருவில் யார் இருக்கிறார் என்று நீங்கள் செல்போனில் தேடிப் பார்க்க முடியாது.

சரி, பயந்துகொண்டிருப்பவர் என்ன செய்யலாம்?

பர்லியாரின் அந்த நான்காவது வீட்டுக்குத் திரும்புவோம். விடுதலையான நபர் மிரட்டுகிறார், பின்தொடர்கிறார் என்றால் அது புதிய குற்றம். ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம். எழுத்துபூர்வமாகக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அமைதிக்குப் பங்கம் வரும் என்றால் ஆர்டிஓவிடம் பிரிவு 126-ல் நடவடிக்கை கேட்கலாம். குடும்ப வன்முறை என்றால் 2005-ம் ஆண்டு சட்டத்தின் 18-வது பிரிவில் மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு போடுவார். அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்குக்குப் பிறகு, 2025 ஜனவரியில் பேரவை நிறைவேற்றிய பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டத் திருத்தத்திலும் பாதிக்கப்பட்டவரைத் தொடர்புகொள்ளத் தடை விதிக்கும் பாதுகாப்பு உத்தரவு சேர்க்கப்பட்டது.

வழக்கில் சாட்சி சொன்னவர்களுக்கு இன்னொரு வழி. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட நீதிபதி தலைமையில் குழு, போலீஸ் தலைமை அதிகாரியும் அரசு வழக்கறிஞர் துறைத் தலைவரும் உறுப்பினர்கள். நீலகிரிக்கு ஊட்டியில் மாவட்ட நீதிமன்றம். அங்கே விண்ணப்பித்தால், மிரட்டல் எந்த அளவு என்று போலீஸ் அறிக்கை வாங்கி, ரோந்து, கேமரா என்று தொடங்கி இடம் மாற்றுவது வரை உத்தரவு போடலாம்.

பஸ்ஸில் இருந்து இறங்கியவருக்கும் வழி இருக்கிறது. புதிய வழக்கு எதுவும் இல்லாமல் தன் பெயரில் ஷீட் தொடர்கிறது என்று தெரிந்தால், முதலில் மாவட்ட எஸ்.பி.க்கு மனு. பதில் இல்லையென்றால், அல்லது மறுத்தால், உயர் நீதிமன்றத்தில் ரிட். கடைசி வழக்கு எந்தத் தேதி, அதில் தீர்ப்பு என்ன, அதன் பிறகு எங்கே வேலை பார்த்தார் என்பதற்கான காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், ஊட்டி, குன்னூர் நீதிமன்ற வளாகங்களில் உள்ள இலவச சட்ட உதவி மையத்தை அணுகலாம். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கும் அதே மையம்தான், அதே வரிசைதான்.